ரேடார் ஜாமர் வாங்கலாமா என்று கேட்ட மாப்பிள்ளைக்கு

என் மாப்பிள்ளை என்னிடம் யோசனை கேட்பது அபூர்வம். கேட்டால், அந்தப் பொருளை அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்று அர்த்தம். வாஷிங் மெஷின் அப்படித்தான். ஓசூரில் அவர்கள் குடியிருக்கும் ஃபிளாட்டும் அப்படித்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், இரண்டாம் தடவை ரசம் ஊற்றிக்கொண்டே, "மாமா, காருக்கு ரேடார் ஜாமர்னு ஒண்ணு விக்கிறாங்களே, அது வாங்கலாமா? நீங்க அந்த டிபார்ட்மென்ட்லயே இருந்தவரு" என்று கேட்டார். பெட்டி காரில் ஏறிவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அவருக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார். தலைமுடியைவிட மெல்லிய பிசகு இருந்தாலும் பொருளைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுகிற வேலை. அப்படிப்பட்டவர் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததை அப்படியே நம்பியிருக்கிறார். சாப்பாட்டு இலைக்கு முன்னால் வைத்துப் பதில் சொன்னால் என் மகள் என்னைத்தான் முறைப்பாள். "எழுதித் தர்றன் மாப்ள, நிதானமாப் படிங்க" என்றேன். ஓய்வு பெற்றவன் எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் நிறுத்தமாட்டான் என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும்.

இளைய காவலர்கள் சிலரும் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். கம்பத்துக்குக் கம்பம் கேமரா வந்துவிட்ட காலத்தில், கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர்கள் என்னதான் செய்தார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, ஏட்டாகி, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். கடைசி வருடங்கள் முழுக்கக் கிருஷ்ணகிரி ஓசூர் நெடுஞ்சாலையில் ஸ்பீட் கன் என்கிற வேகமானியோடு போயின. அதற்குப் பயிற்சி சென்னையில் கொடுத்தார்கள். குளிர்சாதன அறையில் உட்காரவைத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்த சாலையில் ஒரே ஒரு கார் போனது. அதற்கு முன்னால் மாடு இல்லை, பக்கத்தில் கிரானைட் லாரி இல்லை, எதிர்த்திசையில் மொபெட் வரவில்லை. அந்தச் சாலை எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேள்வி கேட்டால் மதியச் சாப்பாடு தாமதமாகும்.

வேலையைக் கற்றுக்கொடுத்தது சாலைதான். காலையில் கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அது தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். அதை மட்டும் நம்பக் கூடாது. நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து டேப் பிடித்து அளந்து, ஒரு கல்லுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தோம். கருவியை அந்தக் கல்லின் மேல் காட்டினால், டேப் சொன்ன தூரத்தையே கருவியும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அன்றைக்கு வேலை. பிறகு மூன்றுகால் ஸ்டாண்டில் பூட்டி, வருகிற வண்டியின் நம்பர் பிளேட்டில் சிவப்புப் புள்ளியை வைத்து விசையை அழுத்தினால், கண் சிமிட்டுவதற்குள் வேகமும் படமும் பதிந்துவிடும். சற்றுத் தள்ளி நிற்கிற காவலருக்கு மைக்கில் நிறமும் எண்ணும் சொன்னால் அவர் வண்டியை ஓரங்கட்டுவார். சாலைக்கு ஓரமாக நின்று சாய்வாக அளந்தால், கருவி உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். அந்தக் கொஞ்சமும் ஓட்டுகிறவருக்கு லாபம். இதை ஒருத்தர்கூட நம்பியது கிடையாது.

எங்களிடமிருந்து தப்பிக்க ஜனங்கள் செய்த ஆராய்ச்சியைப் பார்த்தால், இந்த மாவட்டத்துக்கு விஞ்ஞானிகள் வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. முதலில் கண்ணாடியில் சிடி தொங்கவிட்டார்கள். சிடி பளபளத்தால் கதிர் குழம்பிப் போகுமாம். ஒருத்தர் அம்மன் பாட்டு சிடி தொங்கவிட்டிருந்தார். பாட்டும் காப்பாற்றும், தகடும் காப்பாற்றும் என்று இரட்டைப் பாதுகாப்பு. இன்னொருத்தர் நம்பர் பிளேட்டில் தலைக்கு அடிக்கிற ஸ்பிரே அடித்திருந்தார். பிளேட் வாசனையாக இருந்தது, எண் தெளிவாகத் தெரிந்தது. காரின் பின்கண்ணாடியில் வக்கீல், டாக்டர், பத்திரிகை என்று மூன்று ஸ்டிக்கரையும் ஒட்டியிருந்தவரை நிறுத்தி, இதில் நீங்கள் யார் சார் என்று கேட்டேன். மச்சான்கள் என்றார்.

பிறகுதான் ஜாமர் வந்தது. ஓசூரில் பாகலூர் ரோட்டில் கார் அலங்காரக் கடை வைத்திருந்த ரவி என்கிறவர் அதை விற்றார். சீட் கவர் கேட்டு வந்தவரைக்கூட ஜாமரோடு அனுப்பிவைக்கிற வாய் அவருக்கு. எங்கள் ஸ்பாட் பக்கம் அவரே ஒருநாள் அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு வந்து, சரியாகப் பிடிபட்டு, கொஞ்சமும் வெட்கப்படாமல் இறங்கினார்.

"சார், இது ரேடாருக்கு சார். ஒங்களுது லேசர் போல. நீங்க மாத்திட்டீங்க, எங்களுக்குச் சொல்லவே இல்ல."

"ஒங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கணும், தப்புதான்" என்றேன்.

"பரவால்ல சார். அடுத்த லோடுல லேசர் ஜாமர் எறக்கறன்."

மாப்பிள்ளை, விஷயம் இவ்வளவுதான். ரேடார் என்றால் சாலை முழுக்கப் பரவுகிற அலை. அது தூரத்திலேயே கசிவதால் உங்கள் பெட்டி முன்கூட்டி மோப்பம் பிடிக்கலாம். எங்கள் கையில் இருந்தது லேசர். அது மெல்லிய கற்றையாக வந்து உங்கள் நம்பர் பிளேட்டின் மேல் விழும். கண்ணாடியில் ஒட்டிய பெட்டிக்கு அது பெரும்பாலும் தெரியவே தெரியாது. தெரிந்து பீப் அடித்தாலும், அதற்குள் உங்கள் படம் பதிந்திருக்கும். அந்தச் சத்தத்துக்கு, மாட்டிக்கொண்டீர்கள் என்று மட்டுமே பொருள். நிஜமாகவே அலையைக் குழப்புகிற ஜாமரைத் தனி ஆள் வைத்திருப்பதே குற்றம். கடையில் விற்பது பெரும்பாலும் ஜாமரே இல்லை, பீப் பெட்டி. ஜவுளிக்கடையின் தானாகத் திறக்கும் கதவைக் கண்டாலும் அது கத்தும். ஜவுளிக்கடைக்குப் பயப்படுகிற கணவர்களுக்கு அது பயன்படலாம்.

இனி எங்கள் இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் செல்வராணி. தூத்துக்குடிப் பக்கத்து அம்மா. ஒசரம் கம்மி, குரல் அதைவிடக் கம்மி. நான் எஸ்.எஸ்.ஐ. ஆன பிறகும் என்னை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. வேகமாக வந்து மாட்டியவர் எகிறிக் குதித்து, கருவி பொய் சொல்கிறது, கலெக்டரைத் தெரியும் என்று பாடி முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு ஸ்டாண்டிலிருந்து கருவியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுப்பார்.

"இதப் புடிங்க சார். அடுத்து வார வண்டிய நீங்களே அளந்து சொல்லுங்க."

அப்போது பார்க்க வேண்டும் அந்த மனிதரின் முகத்தை. கருவி கைக்கு வந்ததும் சட்டம் ஒழுங்கு மொத்தமும் அவர் தோளில் ஏறிவிடும். "மேடம், அந்த செவப்பு வண்டிய விடாதீங்க, கொன்னுருவான் அவன்" என்று கத்துவார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் சொந்த மச்சினனையே பிடித்துக்கொடுத்தார். கடைசியில் தனக்கான சலானையும் வாங்கிக்கொண்டு, நல்ல சர்வீஸ் மேடம் என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

செல்வராணி மேடத்துக்கு ஒளிந்து நின்று பிடிப்பது பிடிக்காது. புளியமரத்துக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தினால் கேஸ் நிறைய வரும். அவர் மேட்டின் மேல், யாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தச் சொல்வார். எங்களைக் கடந்துபோன லாரிக்காரர்கள் எதிரில் வருகிறவர்களுக்கு ஹெட்லைட் அடித்துக் காட்டிக்கொடுப்பார்கள். இந்த நெடுஞ்சாலையில் ரொம்பக் காலமாக வேலை செய்கிற ஒரே ஜாமர் அதுதான், அதுவும் இலவசம். நான் எரிச்சலோடு சொன்னால் மேடம் சிரிப்பார்.

"அடிக்கட்டும் ஏட்டையா. லைட்டப் பாத்து மெதுவா வாரான்லா? நமக்கு அதான வேணும்."

மேலிடத்துக்கு அது வேண்டியதாக இல்லை. கேஸ் குறைவு, முனைப்புப் போதாது என்று அவருக்கு மெமோ வந்துகொண்டே இருந்தது. இடத்தை மாற்றச் சொன்னார்கள். அவர் மாற்றவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

சூளகிரி தாண்டி நாங்கள் நின்ற மேட்டுக்குக் கீழே ஒரு கிராமம். கொத்தமல்லித் தழை பயிர் செய்கிற ஊர். வயல் எல்லாம் சாலைக்கு ஒரு பக்கம். பெங்களூர் மார்க்கெட்டுக்குத் தழை ஏற்றிப் போகிற டெம்போ நிற்பது மறுபக்கம். நடுவில் ஆறு வழிச் சாலை. மேம்பாலம் கேட்டு ஊரே மனுக் கொடுத்தது. வரும் என்றார்கள். அது வருகிறவரைக்கும் கொத்தமல்லி காத்திருக்காது என்பதால், நடுத்தடுப்புக் கல்லை இரண்டு ஆள் நுழைகிற அளவுக்குப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சாலைக்காரர்கள் வந்து கல்லை வைப்பார்கள், இவர்கள் எடுப்பார்கள். இரண்டு தரப்பும் அலுக்காமல் அதைச் செய்துகொண்டிருந்தன.

காலையில் பெண்கள் தலையில் தழைக்கட்டோடு சாலையோரம் வந்து வரிசையாக நிற்பார்கள். நின்றுகொண்டே இருப்பார்கள். நாங்கள் வந்து மேட்டில் ஜீப்பை நிறுத்தி, ஸ்டாண்டை விரித்ததும்தான் சாலையில் கால் வைப்பார்கள். வண்டிகள் எங்களைப் பார்த்துத் தணிகிற அந்த நேரம்தான் அவர்களுக்குச் சாலை கடக்கிற நேரம். எங்கள் டியூட்டிக்குத் தகுந்தபடி ஒரு ஊரே அறுவடையை வைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் தாமதமானால் டெம்போக்காரன் எங்களைத் திட்டுவான்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி லட்சுமம்மா. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். முதல் கட்டு ஏறியதிலிருந்து கடைசிப் பெண் போகிறவரை தடுப்பு இடைவெளியில் நின்று ஒவ்வொருத்தியாகத் தாட்டிவிட்டு, கடைசியாகத்தான் தான் போவாள். தினமும் எங்களைப் பார்த்துக் கேட்பது ஒரே கேள்வி.

"மிஷினு வந்துருச்சா சாமி?"

"வந்துருச்சு, போம்மா" என்பேன். எவனாவது வேகமாக வந்தால் கருவி அவனைப் பிடித்து அப்படியே நிறுத்திவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். அது அளக்கத்தான் செய்யும், நிறுத்தாது என்று ஒருமுறை விளக்கப் பார்த்தேன். "அளந்தா நிக்க மாட்டானா?" என்று கேட்டாள்.

கருவிக்கு வருடத்துக்கு ஒருமுறை சான்று வாங்க வேண்டும். அதற்காக அதைச் சென்னைக்கு அனுப்பியிருந்த நாட்களில், கருவி இல்லாமல் ஸ்பாட்டுக்குப் போக வேண்டியதில்லை, ஸ்டேஷன் வேலை பாருங்கள் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். மேடம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"மேடம், மிஷின் இல்லியே" என்றேன்.

"பொம்பளைங்க வந்து நிப்பாங்கள்லா ஏட்டையா. மிஷின் இல்லன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

போனோம். மேட்டில் ஜீப், பக்கத்தில் விரித்த ஸ்டாண்டு. ஆனால் மேடம் அதோடு விடவில்லை. அவரே இறங்கிப் போய்ச் சாலையின் நடுவில் நின்று கையைத் தூக்கினார். நான் இன்னொரு பக்கம் சிவப்புக் கொடியோடு நின்றேன். லட்சுமம்மா வழக்கம்போலக் கேட்டாள். மேடம், "மிஷின் இன்னிக்கு இல்லம்மா, நாங்க இருக்கோம், பாத்து வாங்க" என்று உள்ளதைச் சொன்னார். லாரிகள் நின்றன. பஸ் நின்றது. லாரிக்காரர்கள் லைட் அடித்தார்கள். பெண்கள் வரிசையாகக் கடந்தார்கள். லட்சுமம்மா எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தன் கட்டைத் தூக்கிக்கொண்டு கடைசியாக இறங்கினாள்.

நின்றிருந்த லாரிகளுக்கு வலப்பக்கம் காலியாக இருந்த தடத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. நான் கொடியை ஆட்டிக்கொண்டே ஓடினேன். மேடம் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். கார் பிரேக் அடித்துத் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. நிற்பதற்குள் லட்சுமம்மாவை இடித்துத் தள்ளிவிட்டது.

சாலை முழுக்கக் கொத்தமல்லி. அந்த வாசனையை நான் அதற்கு முன்னால் அத்தனை பலமாக உணர்ந்ததில்லை. இப்போதும் எங்கள் வீட்டு ரசத்தில் தழை போடும்போது சில நாள் எழுந்து வெளியே போய்விடுகிறேன். என் மனைவி அதைக் கேட்பதில்லை.

காரை ஓட்டி வந்தவர் இறங்கினார். நல்ல சட்டை, படித்த முகம், சிறிதாக ஒரு தொழிற்சாலை நடத்துகிறவர் என்று பிறகு தெரிந்தது. பெயர் இங்கே வேண்டாம். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகளை மட்டும் சொல்கிறேன்.

"சார், பீப் அடிக்கவே இல்லையே சார். ஜீப்பப் பாத்தேன், லைட் அடிச்சாங்க, அதையும் பாத்தேன். பீப் வரல. சும்மா பயமுறுத்த ஜீப்ப நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் சார்."

நின்ற லாரிகளைப் பார்த்திருக்கிறார், கொடியைப் பார்த்திருக்கிறார், சாலை நடுவில் காக்கிச் சட்டையைப் பார்த்திருக்கிறார். ஆனால் கண்ணாடியில் ஒட்டியிருந்த பெட்டி சும்மா இருந்தது. பெட்டி சொன்னது சரிதான். கருவி அன்றைக்கு உண்மையிலேயே இல்லை. அதையும் விற்றவர் பாகலூர் ரோடு ரவிதான். அவர் விற்ற பொருள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை சரியாக வேலை செய்தது என்றால் அது அன்றைக்குத்தான். எனக்கு அப்போது வந்த கோபத்தில் அந்த மனிதரை அடித்திருப்பேன். கையை ஓங்கியும் விட்டேன். மேடம் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

பிறகு அவரைக் கூப்பிட்டார். வழக்கமான குரல்தான்.

"சார், இப்படி வாங்க. கீழ உக்காருங்க."

அவர் தார்ச்சாலையில் உட்கார்ந்தார். மேடம் லட்சுமம்மாவின் தலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

"இதப் புடிங்க. ரெண்டு கையாலயும். கழுத்து அசையக் கூடாது."

லட்சுமம்மாவின் தலையை அந்த மனிதரின் கைகளில் வைத்தார். ஆம்புலன்ஸ் சூளகிரியிலிருந்து வருகிறவரைக்கும் அவர் பிடித்துக்கொண்டே இருந்தார். மேடம் துணி கிழித்துக் காலுக்குக் கட்டுப் போட்டார். லட்சுமம்மா மயங்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி, தழையை எடுத்து டெம்போவில் போடுங்கடி, வாடிப்போகும் என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் திருப்பித் தன் தலையைப் பிடித்திருந்தவரைப் பார்த்தாள். அவர்தான் இடித்தவர் என்று அவளுக்குத் தெரியாது.

"கை வலிக்கிதா சாமி?" என்று கேட்டாள்.

அவர் அழ ஆரம்பித்தார். எங்களிடம் மாட்டியவர்கள் பலர் அழுது பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சலானைப் பார்த்து அழுவார்கள். இது வேறு.

கோர்ட்டில் அந்த அழுகை இல்லை. கார்க்காரர் ஒரு வக்கீலை வைத்துக்கொண்டார். கார் எவ்வளவு வேகத்தில் வந்தது என்று போலீசார் அளந்தார்களா என்று வக்கீல் கேட்டார். அளக்கவில்லை. வேகம் அளக்கிற பிரிவு, வேகம் அளக்கிற இடத்தில் நின்றுகொண்டு, வேகத்தை அளக்கவில்லை, அப்படித்தானே என்று என்னைக் கூண்டில் வைத்துக் கேட்டார். ஆமாம் என்றேன். தாரில் டயர் தேய்த்த தடத்தின் நீளத்தையும் நின்றிருந்த லாரிக்காரர்களின் சாட்சியத்தையும் வைத்துத் தண்டனை கிடைத்தது, ஆனால் லேசான தண்டனை. கைப்பற்றிய பெட்டி சாட்சிப் பொருளாக மேசையில் இருந்தது. ஒரு சத்தமும் போடாமல் கடைசிவரை இருந்தது.

லட்சுமம்மாவின் காலில் கம்பி வைத்தார்கள். முழங்கால் மடங்குவதில்லை. கருவி இல்லாமல் அந்த இடத்தில் ஏன் நின்றீர்கள் என்று மேடத்திடம் விளக்கம் கேட்டார்கள். பக்கம் பக்கமாக எழுதித்தான் இதிலிருந்து தப்பிக்க முடியும் என்று நான் சொன்னேன், எழுதியும் தருகிறேன் என்றேன். அவர் ஒரே வரி எழுதி அனுப்பினார்: பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். அடுத்த உத்தரவில் அவருக்கு வேறு மாவட்டம் வந்தது. போகிற அன்றும் யாரையும் திட்டவில்லை. நான் இருவருக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நானும் ஓய்வு பெற்றேன். மேட்டில் இப்போது ஜீப் இல்லை, ஸ்டாண்டு இல்லை. கிராமத்திலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கம்பத்தில் கேமரா வைத்திருக்கிறார்கள். சலான் நேராகச் செல்போனுக்கு வந்துவிடுகிறது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. மேம்பாலம் வருகிறதாம், அதுவும் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதி முடிக்கிற தறுவாயில், போன வாரம் மாப்பிள்ளை என்னை ஓசூருக்குக் கூட்டிப்போக வந்தார். பேத்திக்குப் பிறந்தநாள். காரில் ஏறியதும் கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பாக, கையடக்கமாக, ஒரு பச்சை விளக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சும்மா ட்ரையலுக்குத்தான் மாமா" என்றார்.

"ட்ரையல் எப்படிப் போவுது?"

"பீப் வந்தா ஸ்லோ பண்றேன். வரலேன்னா..."

"வரலேன்னா?"

அவர் ஏசியைக் கூட்டினார். நான் பையில் இருந்த காகிதங்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எழுதிக் கொடுத்தால் படிப்பார் என்று நினைத்தது என் அறியாமை. சூளகிரி வரைக்கும் பெட்டி சத்தம் போடவில்லை. அதனால் மாப்பிள்ளை நிம்மதியாக, எனக்கு நெஞ்சு அடைக்கிற வேகத்தில் ஓட்டினார். என் மகளும் பேத்தியும் இந்தக் காரில்தான் போய்வருகிறார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஞாபகம் வந்தது. மாமனார் அறிவுரை சொன்னால் ஆக்சிலேட்டர் இன்னும் ஆழமாகப் போகும், அதுவும் எனக்குத் தெரியும்.

மேட்டில் ஏறும்போது போனில் இருந்த மேப் பெண்குரலில், முன்னால் கேமரா இருக்கிறது என்றது. எல்லா வண்டியும் தணிந்தது. மாப்பிள்ளையும் பிரேக்கை மிதித்தார். முன்னால் போனவை அப்படியே நின்றுவிட்டன.

"ஏன் மாமா நிக்கிறாங்க? கேமராவுக்கு ஸ்லோ பண்ணாப் போதுமே."

கேமராக் கம்பத்துக்கு நேர் கீழே நடுத்தடுப்புக் கல் பெயர்ந்து கிடந்தது. பழைய இடத்தில் தடுப்பு முழுசாக இருந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் வழியைத் தூக்கிக்கொண்டு வந்து கேமராவுக்குக் கீழே வைத்துவிட்டார்கள். மிஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடப்பார்கள். தழைக்கட்டோடு பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக எங்கள் முன்னால் போனார்கள். எல்லோரும் போன பிறகு, கட்டு இல்லாமல் கையில் தடியோடு, மடங்காத காலை வீசி வைத்துக் கடைசியாக லட்சுமம்மா வந்தாள்.

எங்கள் காருக்கு நேராக வந்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. நின்றாள். நின்று, பானெட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிற கார். வீட்டுச் சுவரில் சாய்கிற மாதிரி சாய்ந்து மூச்சு விட்டாள். நான் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினேன்.

"சாமி, நீங்களா? நல்லா இருக்கீங்களா? அம்மா எப்பிடி இருக்காங்க?" அம்மா என்றால் செல்வராணி மேடம்.

"நல்லா இருக்காங்க. நீ மெதுவாப் போ, வண்டி நிக்குது."

அப்போதுதான் பெட்டி பீப் அடித்தது. கார் அசையாமல் நிற்கும்போது, எதைக் கண்டு பயந்ததோ, விடாமல் அடித்தது. லட்சுமம்மா குனிந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள்.

"இதுவும் மிஷினா சாமி?"

அது மாப்பிள்ளையின் பொருள், அவர் சொல்லட்டும் என்று இருந்தேன். அவர் அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், வீசி வைத்த காலைப் பார்த்தார்.

"ஆமாங்கம்மா."

"நல்லது கண்ணு" என்றாள் லட்சுமம்மா. "எல்லா வண்டியிலயும் வெச்சிட்டா எங்களுக்குப் பயமில்ல."

பானெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, தடியை ஊன்றி நடந்தாள். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். மாப்பிள்ளை அவள் மறுகரை ஏறுகிற வரைக்கும் வண்டியை எடுக்கவில்லை. பெட்டி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கையை நீட்டி அதைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கி, ஒயரோடு என் மடியில் வைத்தார்.

"இதப் புடிங்க மாமா" என்றார்.